மின்சாரக் கார் வாங்கும் முன்: பொது வேகச் சார்ஜிங்கில் எது பொருந்தும், எவ்வளவு செலவாகும்?
தூத்துக்குடி கடலோரக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

முத்துக்கும் உப்புக்கும் துறைமுகத்துக்கும் பெயர்பெற்ற தூத்துக்குடிக்கு இப்போது இன்னொரு அடையாளமும் சேர்ந்திருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் அமைத்த மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் திறன். வி.எஃப்.6, வி.எஃப்.7 என்ற இரு வகைக் கார்கள் தொடக்கத்தில் இங்கிருந்து வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகளுக்கும் ஒரு மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் மின்சாரம் தருவது அதன் நோக்கம்.

காயல்பட்டினம், தூத்துக்குடி, குலசேகரன்பட்டினம், கீழக்கரை என்று கடலோர ஊர்களில் "அடுத்த கார் மின்சாரக் காராக இருக்கட்டுமா?" என்ற பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. விலை, கடன், தோற்றம் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கும் நாம், சார்ஜிங்கைப் பற்றி வாங்கிய பிறகுதான் விசாரிக்கிறோம். இரவில் ஒருவரை அவசரமாகத் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டிய நேரத்தில் பேட்டரியில் 12 சதவீதம்தான் இருக்கிறது என்றால், மிச்சப்படுத்திய பெட்ரோல் காசு ஒன்றுக்கும் உதவாது. ஆகவே வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மெதுவான சார்ஜிங், வேகச் சார்ஜிங்: என்ன வேறுபாடு?

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏசி. பேட்டரி ஏற்றுக்கொள்வது டிசி. வீட்டில் சார்ஜ் செய்யும்போது, ஏசியை டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சிறிய கருவி செய்கிறது. அதன் திறன் பெரும்பாலான கார்களில் 3.3 அல்லது 7.2 கிலோவாட் அளவில்தான் இருக்கும். எனவே வீட்டில் சார்ஜ் ஆக ஓர் இரவு பிடிக்கும்.

பொது இடங்களில் உள்ள வேகச் சார்ஜர்கள் அந்த மாற்றத்தைத் தாங்களே செய்து, டிசி மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. 30, 60, 120, 240 கிலோவாட் என்று அவற்றின் திறன் வேறுபடும். "22 கிலோவாட் ஏசி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை வேகச் சார்ஜர் என்று எண்ணிவிட வேண்டாம். காரின் உள்கருவி 7.2 கிலோவாட் என்றால், அங்கும் 7.2 கிலோவாட்தான் ஏறும்.

எந்த முனை எந்தக் காருக்கு?

கைப்பேசியில் ஒருகாலத்தில் ஆளுக்கொரு வகைச் சார்ஜர் இருந்ததுபோல, கார்களிலும் பல வகை முனைகள் உள்ளன.

• டைப் 2: ஏசி சார்ஜிங்குக்கான ஏழு துளை முனை. இந்தியாவில் இன்று விற்கும் கார்களில் பரவலாக உள்ளது. பொது ஏசி நிலையங்கள் சிலவற்றில் கேபிள் இருக்காது. நம் கேபிளைக் கொண்டு போகவேண்டும்.

• சிசிஎஸ்2: டைப் 2 முனைக்குக் கீழே இரண்டு பெரிய டிசி துளைகள் சேர்ந்தது. இதுவே இன்று இந்தியக் கார்களின் வேகச் சார்ஜிங் முனை. டாடா, மஹிந்திரா, எம்ஜி, ஹூண்டாய், பிஒய்டி, வின்ஃபாஸ்ட் என எல்லா நிறுவனங்களின் தற்போதைய வேகச் சார்ஜிங் கார்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. நெடுஞ்சாலை நிலையங்களில் அதிகம் இருப்பதும் இதுவே.

• பாரத் டிசி-001: தொடக்க காலத்தில் வந்த 15 கிலோவாட் முறை. முனை சீனாவின் ஜிபி/டி வகை. மஹிந்திரா இ-வெரிட்டோ, 2019 காலத்து டாடா டிகோர் மின்சாரக் கார் ஆகியவை இந்த வகை. அரசு அலுவலகங்களிலும் வாடகைக் கார் நிறுவனங்களிலும் ஓடிய இத்தகைய கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. சிசிஎஸ்2 நிலையத்தில் இவற்றைச் செருக முடியாது. விலையைப் பார்த்து வாங்கிவிட்டால் நெடுஞ்சாலைப் பயணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

• சேடமோ: ஜப்பானிய முறை. நம் ஊரில் அபூர்வம். ஆனால் இலங்கையில் உறவினர் உள்ளவர்களுக்கு இது பழக்கமானது. அங்கு பெருமளவில் இறக்குமதியான பழைய நிசான் லீஃப் கார்கள் சேடமோ வகைதான்.

வளைகுடா நாடுகளில் இருப்போருக்கு ஒரு குறிப்பு. அங்கும் பொதுவான வேகச் சார்ஜிங் முனை சிசிஎஸ்2. ஆனால் அதிகாரப்பூர்வ முகவர் வழியாக வராமல் சீனாவிலிருந்து நேராக இறக்குமதியாகும் கார்கள் சில, ஜிபி/டி முனையுடன் வருகின்றன. விலை குறைவு என்று வாங்கியபின் அடாப்டர் தேடி அலையவேண்டாம். வேகச் சார்ஜிங்கில் சில நூறு வோல்ட் டிசி பாய்கிறது. தரம் தெரியாத அடாப்டரை அதன் நடுவில் வைப்பது ஆபத்து.

இன்னும் ஒன்று: எல்லா மின்சாரக் கார்களுக்கும் வேகச் சார்ஜிங் வசதி இல்லை. சிறிய காரான எம்ஜி காமெட்டில் டிசி துளையே கிடையாது. அது ஊருக்குள் ஓட்டுவதற்கான கார். அதற்கு அது நல்ல காராகவும் இருக்கலாம். ஆனால் சென்னைக்கு எடுத்துச் செல்லும் கார் அன்று. மின்சார ஸ்கூட்டர்களின் முனைகளும் வேறு. கார் நிலையத்தில் அவற்றைச் சார்ஜ் செய்யலாம் என்று நம்பிப் போகவேண்டாம்.

60 கிலோவாட் என்று எழுதியிருந்தும் 28தான் ஏறுகிறதே, ஏன்?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. காரணங்கள் ஐந்து.

1. காரின் உச்ச வரம்பு. சார்ஜரின் திறன், காரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 24 யூனிட் பேட்டரி கொண்ட டாடா டியாகோ 120 கிலோவாட் நிலையத்தில் நின்றாலும், 10லிருந்து 80 சதவீதம் ஆக ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். மறுபக்கம் மஹிந்திராவின் பி.இ.6, எக்ஸ்.இ.வி.9இ போன்றவை 175 கிலோவாட் வரை ஏற்கக்கூடியவை. ஆனால் 30 கிலோவாட் சார்ஜரில் நின்றால் அவற்றுக்கும் 30தான்.

2. இரண்டு துப்பாக்கி. ஒரே சார்ஜரில் இரண்டு முனைகள் இருந்து, இரண்டிலும் கார் நின்றால் பல இடங்களில் திறன் பாதியாகப் பிரியும்.

3. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் வெகுவாகக் குறையும். பேட்டரியைக் காப்பாற்ற கார் தானே செய்யும் ஏற்பாடு இது. கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரம், அதற்கு முந்திய 50 சதவீதத்துக்கு ஆன நேரத்தை நெருங்கிவிடும்.

4. வெப்பம். நம் பகுதியின் மே மாத வெயிலில், வேகமாக ஓட்டி வந்த காரின் பேட்டரி சூடாக இருந்தால், கார் மின்சாரத்தைக் குறைத்தே வாங்கும்.

5. வோல்ட், ஆம்பியர் கணக்கு. சார்ஜரின் கேபிள் 125 ஆம்பியர்தான் தாங்கும், காரின் பேட்டரி 350 வோல்ட் என்றால், கிடைப்பது 44 கிலோவாட்தான். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஆகவே காரை வாங்கும்போது "பேட்டரி எவ்வளவு?" என்பதோடு "டிசியில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட், 10லிருந்து 80 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம்?" என்றும் கேளுங்கள்.

செலவு: வீட்டில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிநிலையாகக் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 1,000ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். அது மட்டுமல்ல. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும்.

ஓர் உதாரணம். இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் வீடு. கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் கூடும். மொத்தம் 730. பில் சுமார் 1,200 ரூபாயிலிருந்து 4,100 ரூபாய்க்குப் போகும். அதாவது காருக்காக நாம் கொடுக்கும் விலை யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

விற்பனையாளர்கள் சிலர் "யூனிட் 4 ரூபாய்தான், கிலோமீட்டருக்கு 60 பைசா" என்று கணக்குச் சொல்வார்கள். நம் வீட்டு ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஏற்கனவே கீழ்ப்படிகளை நிரப்பிவிட்டன. கார் எப்போதும் மேல்படியில்தான் உட்காரும். உங்கள் கடைசி மின்பில்லை எடுத்து வைத்து, அதற்கு மேல் காரின் யூனிட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். அதுவே உண்மையான கணக்கு.

வீட்டில் சார்ஜ் செய்யத் தனி அனுமதி வேண்டுமா என்று கேட்கிறார்கள். இருக்கும் இணைப்பிலேயே செய்துகொள்ளலாம் என்பதை மத்திய மின்துறையின் வழிகாட்டி நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பார்க்கவேண்டும். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, காருக்கென்று தனி வயர், தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆகியவற்றைப் போடவேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரைச் செருகுவது கூடாது.

செலவு: பொது நிலையத்தில் எவ்வளவு?

தனியார் வேகச் சார்ஜிங் நிலையங்களில் யூனிட் விலை பெரும்பாலும் 15 முதல் 25 ரூபாய் வரை இருக்கும். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி என்பதால் சார்ஜிங்குக்கும் அப்படியே என்று பலர் நினைக்கிறார்கள். சார்ஜிங் ஒரு சேவையாகக் கருதப்படுவதால் அதற்கு 18 சதவீதம். 20 ரூபாய் என்று ஆப்பில் காட்டினால், கையைவிட்டுப் போவது 23 ரூபாய் 60 பைசா. காட்டும் விலை வரி சேர்ந்ததா, சேராததா என்று முதலில் பாருங்கள்.

கிலோமீட்டர் கணக்கில் ஒப்பிட்டால்:

• வீட்டுச் சார்ஜிங் (யூனிட் 9 ரூபாய்): சுமார் 1.50 ரூபாய்
• பொது வேகச் சார்ஜிங் (வரியுடன் 23.60 ரூபாய்): சுமார் 4 ரூபாய்
• டீசல் கார் (லிட்டர் 93 ரூபாய், 18 கி.மீ. மைலேஜ்): சுமார் 5.15 ரூபாய்
• பெட்ரோல் கார் (லிட்டர் 100 ரூபாய், 15 கி.மீ. மைலேஜ்): சுமார் 6.65 ரூபாய்

வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தவருக்கு மின்சாரக் கார் பெரிய மிச்சம். ஒடுங்கிய தெருவில் வீடு இருந்து, காரை வேறெங்கோ நிறுத்திவிட்டு, முழுக்கப் பொது நிலையத்தை நம்பி ஓட்டுபவருக்கு டீசலைவிட மிச்சம் சொற்பமே. காரின் கூடுதல் விலையை அந்த மிச்சத்தால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி இதுதான்: இரவில் கார் நிற்கும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறதா? இருந்தால் பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறிவிடும். ஊருக்குள் ஓடும் காருக்கு அதுவே தாராளம்.

ஒரு நாட்டு ஒப்பீடு: ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024ல் அரசு நிர்ணயித்தது, டிசி வேகச் சார்ஜிங்குக்கு யூனிட் 1.20 திர்ஹம், ஏசிக்கு 70 ஃபில்ஸ், அதன்மேல் வாட் வரி. எண்ணெய் விளையும் நாட்டிலும் வேகச் சார்ஜிங் மலிவாக இல்லை. வேகத்துக்கு விலை உண்டு.

நேரமும் விலையை மாற்றலாம். மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டி நெறிகள், சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரத்தில் 1.3 மடங்காகவும் இருக்கவேண்டும் என்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் நேரத்தில் சார்ஜிங்கை ஊக்குவிப்பதே நோக்கம். நேரத்துக்கேற்ப விலை மாறும் நிலையங்களில், மக்ரிபுக்குப் பின் செய்வதைவிட லுஹர் நேரத்தில் செய்வது சிக்கனம்.

காயல்பட்டினத்திலிருந்து சென்னை: ஒரு கணக்கு

60 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், வீட்டில் முழுச் சார்ஜுடன் புறப்படுகிறோம். தூரம் சுமார் 635 கிலோமீட்டர்.

• மதுரை (170 கி.மீ.): 52 சதவீதம் மீதம். 80 வரை ஏற்ற 17 யூனிட், சுமார் 20 நிமிடம்.
• திருச்சி (மேலும் 135 கி.மீ.): 42 சதவீதம் மீதம். 80 வரை 23 யூனிட், சுமார் 30 நிமிடம்.
• விழுப்புரம் (மேலும் 165 கி.மீ.): 34 சதவீதம் மீதம். 80 வரை 28 யூனிட், சுமார் 35 முதல் 40 நிமிடம்.
• சென்னை (மேலும் 165 கி.மீ.): 34 சதவீதம் மீதத்துடன் சேரலாம்.

வழியில் 68 யூனிட், சுமார் 1,600 ரூபாய். வீட்டில் ஏற்றியதற்கு இழப்பையும் சேர்த்து 600 ரூபாய். மொத்தம் 2,200. இதே பயணத்துக்குப் பெட்ரோல் காருக்கு 4,200 ரூபாய் ஆகும். கூடுதல் நேரம் ஒன்றரை மணி. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் இறங்கத்தானே வேண்டும்? அந்த நேரத்திலேயே சார்ஜிங் முடிந்துவிடும்படி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் இழப்பு அவ்வளவாகத் தெரியாது.

இந்தச் சாலையில் நிலையங்களுக்குக் குறைவில்லை. பாரத் பெட்ரோலியம் 2022லேயே சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்குகளில் சிசிஎஸ்2 சார்ஜர்களை நிறுவியது. டாடா பவர், ஸியான் போன்ற தனியார் நிறுவனங்களும் உள்ளன. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை, இராமநாதபுரம் பக்கம் போகும்போது, மதுரைச் சாலையின் அடர்த்தியை எதிர்பார்க்கக் கூடாது. போக 110, வர 110 என்று 220 கிலோமீட்டர். பெரிய பேட்டரிக் கார் ஒரே சார்ஜில் போய் வந்துவிடும். 24 யூனிட் கார், போன இடத்தில் உறவினர் வீட்டுச் சாக்கெட்டை நம்பியே திரும்பவேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நிலையத்துக்குப் போகும் முன்

• குறைந்தது இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஆப்பை வீட்டிலேயே இறக்கிப் பதிவு செய்து, வாலட்டில் 300, 400 ரூபாய் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்குக் காத்திருக்கும் அவதி தவிரும்.
• விடுமுறையில் வரும் வெளிநாட்டுச் சகோதரர்கள் கவனிக்க: பல ஆப்கள் இந்தியக் கைப்பேசி எண், யுபிஐ இரண்டையும் கேட்கும். வீட்டில் இருப்பவர் பெயரில் பதிவு செய்து வையுங்கள்.
• வரைபடத்தில் பச்சை நிறம் தெரிவதால் மட்டும் சார்ஜர் வேலை செய்கிறது என்று பொருளில்லை. பிளக்‌ஷேர் போன்ற ஆப்பில், கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தார் என்று பாருங்கள்.
• ஒரு நிலையத்தை நம்பிப் போகும்போது, அது பழுதாக இருந்தால் அடுத்ததைச் சென்றடையும் அளவுக்கு, 20 சதவீதமாவது மீதம் இருக்கட்டும்.
• சார்ஜ் முடிந்தபின் காரை எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் கட்டணம் வசூலிக்கும் நிலையங்கள் உண்டு. கட்டணம் இல்லாத இடத்திலும், 80 சதவீதம் ஆனதும் இடத்தை விட்டுக்கொடுப்பது பின்னால் நிற்பவரின் உரிமை.
• இலவசச் சார்ஜிங் சலுகையுடன் கார் விற்கிறார்கள் என்றால், எந்த நிலையங்களில், எந்தத் தேதி வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

மழையும் உப்பும்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதை நாம் மறக்க முடியாது. சாலைகள் அறுந்தன, பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் வீட்டுச் சாக்கெட்டும் இல்லை, பொது நிலையமும் இல்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கனமழை எச்சரிக்கை வந்தவுடன் காரை முழுமையாகச் சார்ஜ் செய்து மேடான இடத்தில் நிறுத்துங்கள். மற்ற நாட்களிலும் இரவில் 40 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள். 60 யூனிட் பேட்டரிக் காரில் திருநெல்வேலிக்குப் போய்வர அது போதும்.

பேட்டரிகள் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் மூடப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆய்வுக்கூடத்து நன்னீருக்கான கணக்கு அது. கடல்நீர் கலந்த வெள்ளம் வேறு. 2022ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலுக்குப் பின், உப்புநீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தி, சர்வீஸ் மையத்தை அழையுங்கள்.

உப்புக்காற்று முனைகளின் உலோகத்தையும் அரிக்கும். சார்ஜ் துளையின் மூடியைத் திறந்து போடவேண்டாம். நிலையத்தின் முனையில் பச்சைக் களிம்போ கருகிய அடையாளமோ தெரிந்தால் அதைச் செருகாமல் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

ஊராகச் செய்யக்கூடியது

மின்வாகனச் சார்ஜிங் என்பது மின்விற்பனை அன்று, சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. ஆகவே சார்ஜிங் நிலையம் அமைக்க மின்விநியோக உரிமம் தேவையில்லை. உரிய மின் இணைப்பும் பாதுகாப்பு விதிகளும் போதும். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது.

வேகச் சார்ஜர் நிறுவ பெரும் முதலீடு வேண்டும். ஆனால் 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர்கள் இரண்டை, திருமண மண்டபத்திலோ ஜமாஅத்தின் வணிக வளாகத்திலோ நிறுவுவது எட்டக்கூடிய செலவுதான். கூரையில் சூரியத் தகடும் இருந்தால் பகல் மின்சாரம் அங்கேயே கிடைக்கும். வீட்டு வாசலில் காரை நிறுத்த இடமில்லாத குடும்பங்களுக்கு, கிலோமீட்டர் 4 ரூபாய்ச் செலவை இரண்டு ரூபாய்க்கு அருகில் கொண்டுவரும் வழி இதுதான். மின்சாரக் கார்கள் நம் மாவட்டத்திலேயே உருவாகும் காலத்தில், அவற்றுக்கான சாக்கெட்டை நம் தெருவுக்குக் கொண்டுவருவது பற்றி ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து யோசிக்கலாம்.